பெற்றவளின் மறைவும் பிள்ளையின் வினாவும்

பாரதக் கதையிலே கர்ணனின் வாழ்வு ஒரு வினாவைச் சுற்றியே இயங்குகின்றது. மணமாகாத நிலையில் தாயான குந்தி, ஊர்ப்பழிக்கு அஞ்சித் தன் குழந்தையைப் பேழையிலிட்டு ஆற்றில் விடுகின்றாள். தேர்ப்பாகனான அதிரதனும் அவன் மனைவி இராதையும் அக்குழந்தையை எடுத்து வளர்க்கின்றனர். வில்லாற்றலில் நிகரற்றவனாய் வளர்ந்த பின்னரும், குலம் யாது என்ற கேள்வியின் முன் அவன் தலைகுனிந்து நிற்க நேர்கின்றது. தாய் தன்னை வெளிப்படுத்துவது போர் மூளவிருக்கும் வேளையிலேயே. அதுவும் ஏனைய மைந்தரின் உயிரை வேண்டியே. உண்மை அவனுக்குக் கிடைத்தது. ஆனால் காலங்கடந்து கிடைத்தது.

இக்கதையின் பேழையும் ஆறும் இருபதாம் நூற்றாண்டில் வேறு வடிவம் பெற்றன. மணமாகாத் தாயரின் குழந்தைகள் இல்லங்களிலிருந்து பிறருக்கு மகவேற்பாக வழங்கப்பட்டனர். பெற்றவளின் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டு, அப்பதிவேடு பூட்டப்பட்டது. அவ்வாறு வளர்ந்தவர்கள் பின்னாளில் தம் பிறப்பின் உண்மையைக் கேட்டபோது, விடை கூறும் கடமை எவருக்கேனும் உண்டா என்னும் வினா எழுந்தது. ஒருபுறம் தன்னை அறிய விழையும் பிள்ளை. மறுபுறம் தன் மறைவைக் காக்க விழையும் தாய். இருவரும் குற்றமற்றவர்கள். குற்றமற்ற இருவரின் உரிமைகள் மோதும்பொழுது நீதி எப்பக்கம் நிற்கும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அயர்லாந்தின் அனுபவம்

இவ்வாராய்ச்சிக்கு அயர்லாந்தின் அனுபவம் பெரிதும் துணைபுரியும். 1922இல் அந்நாடு தனியரசாகத் தோன்றிய காலந்தொட்டு, மணமாகாது கருவுற்ற பெண்கள் குடும்பத்தாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டு, பெரும்பாலும் கத்தோலிக்கத் துறவியர் சபைகள் நடத்திய தாய் சேய் இல்லங்களில் அடைக்கலம் புகுந்தனர். அடைக்கலம் என்னும் சொல் பெயரளவிலேயே பொருந்தும். வேறு போக்கிடம் இன்மையே அவர்களை அங்கு செலுத்திற்று. கோல்வே மாவட்டத்து ரூவாம் என்னும் ஊரிலிருந்த இல்லத்தில் 796 குழந்தைகள் இறந்தமைக்கான மரணப் பதிவுகளை, கதறின் கோர்லெஸ் என்னும் உள்ளூர் வரலாற்றாய்வாளர் தம் சொந்த முயற்சியாலே தேடித் திரட்டினார். 2014இல் அச்செய்தி உலகெங்கும் பரவவே, அரசு விசாரணை ஆணைக்குழுவொன்றை அமைத்தது. 2021 சனவரியில் அதன் இறுதி அறிக்கை வெளியாயிற்று. 14 தாய் சேய் இல்லங்களையும் 4 மாவட்ட இல்லங்களையும் ஆராய்ந்த ஆணைக்குழு, 1922 முதல் 1998 வரை அவற்றில் ஏறக்குறைய 56,000 மணமாகாத் தாயரும் 57,000 குழந்தைகளும் இருந்தனர் எனவும், அக்குழந்தைகளுள் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தனர் எனவும் கண்டது. அறிக்கை வெளியான மறுநாள் பிரதம மந்திரி மைக்கேல் மார்ட்டின் பாராளுமன்றத்திலே அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

உயிர்பிழைத்த குழந்தைகளுட் பலர் மகவேற்பாக வழங்கப்பட்டனர். அதற்கான சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. மகவேற்புப் பதிவுக்கும் மூலப் பிறப்புப் பதிவுக்கும் உள்ள தொடர்பு, பொதுமக்கள் காணவியலாதவாறு அச்சட்டத்தால் மூடப்பட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். சட்டபூர்வமான மகவேற்பு இவ்வாறிருக்க, வளர்ப்புப் பெற்றோரையே ஈன்ற பெற்றோராகப் பொய்யாகப் பதிந்த நிகழ்ச்சிகளும் உண்டு. மகவேற்புச் சங்கம் ஒன்றின் ஆவணங்களில் இத்தகைய 126 நிகழ்ச்சிகள் காணப்பட்டதாக 2018இல் அரசே அறிவித்தது. அவ்வாறு பதியப்பட்டோருட் பலர், தாம் தேடவேண்டியவர் வேறொருவர் உளர் என்பதையே அறியாது வாழ்ந்தவர்கள்.

பிலோமினா லீ என்பாரின் வரலாறு இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. ரொஸ்கிறே என்னும் ஊரிலிருந்த இல்லத்தில் 1952இல் மகனை ஈன்ற அவர், மூன்றாண்டுகள் அவனுடன் அங்கேயே வாழ்ந்தார். 1955இல் அப்பிள்ளை அமெரிக்கக் குடும்பமொன்றுக்கு வழங்கப்பட்டான். அவன் வளர்ந்து சட்ட வல்லுநனாகி, தாயைத் தேடி அவ்வில்லத்துக்கு மீண்டும் வந்தான். தாயும் மகனைத் தேடி அங்கே சென்றிருந்தார். இருவரும் ஒரே வாயிலில் விசாரித்தும் ஒருவரையொருவர் காணவில்லை. 1995இல் மகன் இறந்தான். அவன் விருப்பப்படியே அவனுடல் அவ்வில்லத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் தம் மகனைக் கண்டது கல்லறையில் எழுதப்பட்ட பெயராகவே. தாயின் மறைவைக் காத்தல் என்ற பெயரில் பேணப்பட்ட மௌனம், உண்மையில் எல்லாத் தாயரின் விருப்பத்தையும் பிரதிபலிக்கவில்லை என்பதற்கு இவ்வொரு வரலாறே போதிய சான்றாகும்.

அறிதலின் உரிமை

பிறப்பின் உண்மையை அறிதல் ஏன் ஓர் உரிமையாக வேண்டும்? பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. பரம்பரை நோய்களை அறிதல் அவற்றுள் ஒன்று. இரத்த உறவினரை அறியாது மணக்க நேரும் ஆபத்து மற்றொன்று. இவை பொருட்படுத்தத்தக்கனவே. ஆயினும், இவற்றுக்காக மட்டுமே ஒருவன் தேடுவதாயின், மருத்துவக் குறிப்பொன்றைப் பெற்றவுடன் தேடல் முடிந்துவிட வேண்டும். நிகழ்வது அதுவன்று. ஸ்கொற்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே 17 வயதடைந்த மகவேற்புப் பிள்ளைகள் தம் மூலப் பிறப்புப் பதிவைக் காண முடிந்தது. அவ்வாறு காண வந்தோரை ஆராய்ந்த ஜோன் றிசெலியோற்றிஸ் 1973இல் வெளியிட்ட நூல், இத்தேடலின் வேர் பிறப்புப் பற்றிய வெறும் தகவலுக்கு அப்பாற்பட்டது என்பதை உணர்த்திற்று.

மனிதன் தன்னை ஒரு கதையாகவே அறிகின்றான். அக்கதையின் முதல் ஏடு ஏனையோருக்குப் பெற்றோர் வாய்மொழியாகவே கிடைத்துவிடுகின்றது. ஆதலால் அதன் அருமையை அவர்கள் உணர்வதில்லை. ஒருவனுக்கு மட்டும் அவ்வேடு எழுதப்பட்டு, அவன் காணாதவாறு மறைக்கப்படுமாயின், அவன் இழப்பது வெறும் தகவலன்று. தன்னைப் பற்றிப் பிறர் அறிந்ததைத் தான் அறியாதிருக்கும் தாழ்நிலையும் அவனுக்கு நேர்கின்றது. எழுத்தரொருவர் அலுமாரியைத் திறந்து படிக்கக்கூடிய ஒன்றை, அதற்குரியவன் படிக்கலாகாது என்பது நீதியாகத் தோன்றவில்லை. 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் இயன்றவரை பெற்றோரை அறியும் உரிமையைச் சிறுவருக்கு வழங்கியமையும் இவ்வடிப்படையிலேயே எனலாம்.

மறைவின் உரிமை

எனினும், மறுபக்கத்தின் வாதத்தை எளிதில் ஒதுக்குதல் அறமாகாது. எண்பது வயதை எய்திய ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இளமையில் நிகழ்ந்ததை அவர் கணவருக்குக் கூறவில்லை. பின்னர்ப் பிறந்த பிள்ளைகளும் அறியார். மௌனத்தின்மீதே அவர் தம் வாழ்வைக் கட்டியெழுப்பினார். இது என்றும் வெளிவராது என்று அன்று அவருக்குக் கூறப்பட்டது. இன்று ஒரு கடிதம் வீட்டுவாயிலுக்கு வருமாயின் இடிந்து விழுவது அவர் வாழ்வேயாகும். முன்னர் ஒருமுறை அவரைத் தண்டித்த சமூகம், திருந்திய பின் இன்னொருமுறை தண்டிப்பதாக அது அமையாதா?

இக்காரணம்பற்றியே நீதிமன்றங்களும் தடுமாறின. 1998இல் அயர்லாந்து உயர் நீதிமன்றம், ஈன்ற தாய் யாரென அறியும் உரிமை அரசியலமைப்பில் உட்கிடையாக உள்ளதென ஏற்றுக்கொண்டது. ஆனால் அது முழுமையானதன்று எனவும், தாயின் மறைவுரிமையோடு சீர்தூக்கப்பட வேண்டும் எனவும் கூறிற்று. பிரான்சிலோ, பெயரை வெளியிடாதே பிரசவிக்கும் உரிமை சட்டத்தால் தாய்க்கு வழங்கப்பட்டுள்ளது. அவ்வுரிமையை எதிர்த்து வந்த வழக்கிலே 2003இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரான்சுக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. பதினெழுவருள் பதின்மர் ஒருபுறமும் எழுவர் மறுபுறமுமாகப் பிரிந்தனர். பெயர் காக்கப்படும் என்ற உறுதி இல்லையேல் அஞ்சிய தாயர் மறைவிடங்களிற் பிரசவித்துத் தம் உயிருக்கும் சேயின் உயிருக்கும் கேடு தேடுவர் என்பது அந்நாட்டின் வாதம்.

வாக்குறுதி யாருடையது?

மறைவின் தரப்பிலுள்ள வலிய வாதம் வாக்குறுதி பற்றியதாகும். கொடுத்த வாக்கைக் காத்தல் அறம் என்பதில் ஐயமில்லை. ஆயின், இவ்வாக்கு யாரால், யாருக்கு, எதைப்பற்றிக் கொடுக்கப்பட்டது என நோக்குதல் வேண்டும். இல்லத்தார் தாய்க்குக் கொடுத்தனர். ஆனால் அதன் பாரம் முழுவதும் பேசவும் அறியாத சிசுவின் தலையிலே சுமத்தப்பட்டது. பிறனுடைய உடைமையைத் தருவதாக வாக்களித்தவன், அவ்வாக்கைக் காக்கும்பொருட்டு அவ்வுடைமையைப் பறிக்கும் உரிமை பெறுவதில்லை. பிள்ளையின் பிறப்புண்மை பிள்ளைக்கும் உரியது. அதை ஒளிப்பதாக உறுதியளிக்க மூன்றாமவர்க்கு அதிகாரம் இருந்ததில்லை.

மேலும், அம்மறைவு தாயின் தேர்வாக அமைந்ததா என்பதும் வினாவுக்குரியது. அயர்லாந்தில் மணமாகாத் தாயருக்கான அரச உதவிப்பணம் 1973இலேயே தொடங்கிற்று. முறைதவறிப் பிறந்தவர் என்ற சட்டவேறுபாடு 1987இலேயே நீக்கப்பட்டது. உதவியின்றி, வருவாயின்றி, தாய்வீட்டுக் கதவும் அடைபட்ட நிலையில் இட்ட கையொப்பத்தைச் சுதந்திரமான சம்மதம் எனல் இயலாது. வாழ வழி பிறந்த பின்னர்த் தம் குழந்தையைத் தாமே வளர்க்கும் தாயர் பெருகினர். பிரான்சின் வாதத்துக்கும் இதுவே விடையாகும்: அஞ்சும் தாய்க்கு முதலில் வேண்டுவது ஆதரவு. ஆதரவைக் கொடாத சமூகம் மறைவைக் கொடுத்துத் தன் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கருதுதல் தன்னைத்தான் ஏமாற்றுதலாகும்.

அறிதலும் உறவாடலும்

இம்மோதலைத் தீர்ப்பதற்கு ஒரு வேறுபாட்டைத் தெளிதல் இன்றியமையாதது. உண்மையை அறிதல் ஒன்று. உறவைக் கோருதல் பிறிதொன்று. முன்னது ஒருவன் தன்னைப் பற்றியே கேட்பது. பின்னது மற்றொருவரின் வாழ்வினுள் புகுவது. முன்னதற்கு உரிமையுண்டு. பின்னதற்கு வேண்டுகோள் மட்டுமே உண்டு. அன்பைச் சட்டத்தால் வழங்கவோ வழக்காடிப் பெறவோ இயலாது.

2022இல் அயர்லாந்து இயற்றிய பிறப்புத் தகவல், தேடல் பற்றிய சட்டம் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொண்டது. அதன்படி உரியவருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் ஏனைய தகவல்களும் முழுமையாக வழங்கப்படும். தொடர்புகொள்ள விரும்பாத தாயோ தந்தையோ தம் விருப்பினைப் பதிந்துவைக்கலாம். அவ்வாறாயின் விண்ணப்பித்தவருடன் ஓர் அலுவலர் முதலிற் பேசி, அவ்விருப்பத்தை மதிக்க வேண்டியதன் அவசியத்தை எடுத்துரைத்த பின்னரே தகவல் வழங்கப்படும். தகவல் மறுக்கப்படுவதில்லை, உறவு திணிக்கப்படுவதுமில்லை.

கர்ணனும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே நடந்தான் எனலாம். தாய் யாரென அறிந்தபின் அவன் பாண்டவர் பக்கம் செல்லவில்லை. இராதையின் மகன் என்ற பெயரையும் துறக்கவில்லை. ஈன்றவளை அறிவது வளர்த்தவளை மறுப்பதாகும் என்ற வளர்ப்புப் பெற்றோரின் அச்சம் ஆதாரமற்றது என்பதையும் அவன் வாழ்வு காட்டுகின்றது. அதுமட்டுமன்று, தான் அறிந்த உண்மையைத் தான் உயிரோடிருக்கும் வரை பிறருக்கு வெளியிடாமலும் காத்தான். உண்மையைப் பெறுபவனுக்கும் ஒரு கடமை உண்டு என்பது இதனாற் பெறப்படும். அறிந்ததை எவ்வாறு கையாள்வது என்பதில் பெற்றவளின் முதுமையும் அச்சமும் அவன் கருத்திற்கொள்ள வேண்டியவை.

இலங்கையின் தொடர்பு

இவ்வினா இலங்கைக்கும் தொலைவானதன்று. 1970களிலிருந்து 1990கள் வரை இந்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளுக்கு மகவேற்பாகச் சென்றனர். அவற்றில் நிகழ்ந்த முறைகேடுகளைத் தடுக்கத் தவறியதைச் சுவிற்சர்லாந்து அரசு 2020இல் ஒப்புக்கொண்டது. 2021இல் நெதர்லாந்தின் ஆணைக்குழுவொன்று இலங்கை உள்ளிட்ட ஐந்து நாடுகளின் மகவேற்புகளில் நிகழ்ந்த பாரிய குற்றங்களை எடுத்துக்காட்டிற்று. தாயென நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்களும் இருந்தனர். வளர்ந்தபின் தாயைத் தேடி இங்கு வந்தோருட் சிலர், பத்திரத்திலுள்ள பெயருக்குரிய பெண்ணைக் கண்டபின்னர், அவள் தம்மை ஈன்றவளல்லள் என்று அறிந்து திரும்பினர். பதிவேடே பொய்யாயின் அதைத் திறக்கும் உரிமையால் யாது பயன்? ஆகவே, உண்மையைப் பதிதல் என்னும் கடமை, உண்மையை வெளியிடுதல் என்னும் கடமைக்கு முற்பட்டது.

தாயா, பிள்ளையா என்று வினவுவதே ஒருவகையில் தவறான வினாவாகும். தாயை அஞ்சச் செய்ததும் பிள்ளையை அறியாமையில் வைத்ததும் ஒரே கையே. பெண்ணை மட்டும் பழித்து ஆணைப் பெயரின்றித் தப்பவிட்ட சமூகமே அக்கையாகும். பல பிறப்புப் பதிவுகளில் தந்தையின் பெயர் எழுதப்படாது விடப்பட்ட இடம் அதற்குச் சான்று. ஆயினும், அம்மூதாட்டியின் துயரை இவ்விடையும் முற்றாகத் துடைத்துவிடாது. பிள்ளைக்கு நீதி வழங்கும்போது அவருக்கு நேரும் நோவு எஞ்சியே நிற்கும். அந்நோவு அறிய வந்த பிள்ளையின் குற்றமன்று. அதைக் குறைக்க வல்லது ஒன்றேயுண்டு: கதவைத் தட்டும் கடிதம் வரும் நாளில், அதை அவர் தம் வீட்டாரின் முன்னிலையிலேயே பிரித்துப் படிக்கக்கூடிய ஊராக ஊர் மாறியிருத்தல் வேண்டும். பதிவேட்டைத் திறப்பது அரசின் கடமை. பழிச்சொல்லை விடுவது ஒவ்வொருவரின் கடமை. முன்னதை மட்டும் செய்து பின்னதை விடும் நாடு, பிள்ளைக்குத் தரவேண்டியதைத் தாயிடமிருந்தே பறித்துத் தருகின்றது.