உயிரோடிருக்கும் சர்வரும் ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ செய்தியும்

லினக்ஸ் சர்வரில் நெட்வொர்க் டிரைவ் மவுன்ட் ஆகவில்லை. ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்கிறது திரை. பிங் அனுப்பினாலோ அந்த டிரைவ் இருக்கும் சேமிப்புப் பெட்டி உடனே பதில் தருகிறது!

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல், விண்டோஸில் எஸ்.எம்.பி. என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியே உலகெங்கும் பரவியது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளியான லினக்ஸ் கெர்னல் 4.13, தானாக அந்தப் பதிப்பில் பேசுவதைக் கைவிட்டது. அதை மட்டுமே அறிந்த பழைய பெட்டிகளோடு தொடர்பு அறுந்தது. அதன் வெளிப்பாடுதான் அந்தப் பிழைச்செய்தி.

கேபிளைக் கழற்றி மாட்டிப் பயனில்லை. கெர்னல் பதிவைப் படிக்க வேண்டும். மவுன்ட் கட்டளையில் ‘வெர்ஸ்=1.0’ சேர்த்தால் கோப்புகள் கிடைத்துவிடும். ஆனால் அது பாதுகாப்பற்ற பழைய வழி. கோப்புகளை நகலெடுத்தவுடன் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். முடியாவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டும்.