பைபிளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்

ஓம் சரவணபவ.

இன்னைக்கு விரத முறை, கோயில் வரலாறு எதுவும் எழுதப் போறதில்லை. ரொம்ப நாளா என் மனசை உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு கேள்வியை உங்க முன்னாடி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2024 அக்டோபர் முதல் வாரம். நான் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்தது. அமெரிக்காவில் புயல் அடிச்ச ஏதோ ஒரு ஊர். ஒரே நிற டீ-ஷர்ட் போட்ட பத்துப் பேர் ஒரு வீட்டு வாசலில் நிக்கிறாங்க. நடுவில் ஒரு பாட்டி. பாட்டி கையில் பைபிள். கீழே ஒருத்தர் எழுதியிருந்தார்: "இதுக்குப் பேர் உதவியா? கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு விரிக்கிற வலை." அதுக்குக் கட்டைவிரல் காட்டினவங்கள்ல நானும் ஒருத்தன்.

இத்தனைக்கும் நான் வேலை பார்க்கிறது வட கரோலினா மாநிலத்தில், ஷார்லட் நகரத்தில். புயல் சிதைச்சுப் போட்ட மலை ஊர்கள் என் வீட்டிலிருந்து காரில் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். போய்ப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன்.

அந்தப் புயலோட பேர் ஹெலீன். 2024 செப்டம்பர் 26 ராத்திரி புளோரிடா கடற்கரையில் கரை ஏறியது. கடலோரத்தில் புயல் வர்றது அங்கே புதுசு இல்லை. ஆனா இது வடக்கே ஏறி, கடலுக்கு நானூறு ஐநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலைப்பகுதியில் மழையாக் கொட்டிடுச்சு. அதுக்கு முந்தின ரெண்டு நாளாவே அங்கே நல்ல மழை. நனைஞ்சு ஊறிப்போன மலையில் மறுபடி கொட்டினா என்ன ஆகும்? சில இடங்களில் மொத்தம் 30 இன்ச்சுக்குப் பக்கம் பெய்திருக்கு. ஆஷ்வில் நகரத்தில் பிரெஞ்ச் பிராட் ஆறு, 1916 வெள்ளத்தின் சாதனையையே தாண்டிப் போச்சு. வட கரோலினாவில் மட்டும் நூறு பேருக்கு மேல இறந்தாங்க. ஆஷ்வில் குழாயில் குடிக்கிற மாதிரி தண்ணி திரும்ப வர 53 நாள் ஆச்சு.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்குன்னு தனியா பாலிசி எடுக்கணும். மலை மேல இருக்கிறவங்க வெள்ளத்துக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப் போறாங்க? மிகச் சிலர்கிட்டதான் இருந்தது. அதனால வீடு முழுக்கச் சேறு, கையில் காசு இல்லை, காண்ட்ராக்டரைக் கூப்பிட்டா ஆயிரக்கணக்கான டாலர் கேட்பாங்க. இதுதான் நிலைமை.

என் ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்தர் சர்ச்சுக்குப் போறவர். "சனிக்கிழமை நாங்க ஸ்வானனோவா போறோம், ஆள் பத்தலை, வர்றீங்களா?"ன்னு கேட்டார். வர முடியாதுன்னு சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடைக்கலை. போனேன்.

காலையில் நெத்தியில் விபூதியோடதான் போய் நின்னேன். மனசுக்குள்ள ஒரு சவால் இருந்தது, கேட்கட்டும் பார்க்கலாம்னு. எங்க குழுத் தலைவர் எழுபது தாண்டினவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன். அலபாமா மாநிலத்திலிருந்து வந்து பத்து நாளா அங்கே ஒரு சர்ச் ஹாலில் மடக்குக் கட்டிலில் படுத்திருக்கார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கேட்டது ஒரே கேள்வி: "டெட்டனஸ் ஊசி போட்டிருக்கீங்களா?"

அன்னைக்கு நாங்க போனது ஒரு பாட்டி வீடு. தனியா இருக்கிறவங்க. நெஞ்சு உயரத்துக்குத் தண்ணி ஏறி வடிஞ்ச வீடு. முதலில் ஒரு தாளில் பாட்டிகிட்ட கையெழுத்து வாங்கினாங்க: உங்க வீட்டுக்குள்ள வர்றோம், சுவரை உடைக்கப் போறோம், இதுக்குக் காசு எதுவும் கிடையாது. அந்தத் தாளில் மதம் என்னங்கிற கேள்வியே இல்லை. நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

அப்புறம் வேலை. அங்கே வீட்டு உள்சுவர் செங்கல் இல்லை. மரச் சட்டத்தில் அடிச்ச ஜிப்சம் பலகை, ட்ரைவால்னு சொல்வாங்க. தண்ணி பட்டா அது பஞ்சு மாதிரி மேல மேல உறிஞ்சிக்கும். ஒண்ணு ரெண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும். அதனால தண்ணி நின்ன கோட்டுக்கும் மேல வரைக்கும் பலகையைப் பெயர்த்து எடுக்கணும். உள்ளே இருக்கிற பஞ்சை உருவணும். தரையைப் பிரிக்கணும். சேத்தை மண்வெட்டியால் வாரித் தள்ளுவண்டியில் தெருவோரம் கொட்டணும். கடைசியில் மரச் சட்டத்துக்குப் பூஞ்சை மருந்து அடிச்சு, வாரக்கணக்கில் காய விடணும். ஃப்ரிட்ஜை மட்டும் திறக்கவே கூடாது. டேப் சுத்தி அப்படியே வெளியே தூக்கணும். மூணு வாரமா கரண்ட் இல்லாம மூடிக் கிடந்த ஃப்ரிட்ஜ் அது. மாஸ்க் போட்டிருந்தும் மூக்கில் அந்த நாத்தம் ரெண்டு நாள் இருந்தது.

எல்லாத்தையும் விட அழுத்தமா ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க. குப்பைன்னு நீயா முடிவு பண்ணாதே. சேத்துல ஊறின ஒரு ஆல்பம், ஒரு கோப்பை, எது கிடைச்சாலும் பாட்டிகிட்ட காட்டு. அவங்க சொன்னாத்தான் அது குப்பை. ஒரு தடவை நான் ஒரு உடைஞ்ச கடிகாரத்தை வண்டியில் போட்டுட்டேன். பெரியவர் எதுவும் சொல்லலை. போய் எடுத்துட்டு வந்து, கழுவி, பாட்டி பக்கத்தில் வச்சார். பாட்டி அதை மடியில் எடுத்து வச்சுக்கிட்டாங்க. அது பாட்டியோட வீட்டுக்காரர் வாங்கினதாம்.

சாயங்காலம் வேலை முடிஞ்சது. எல்லாரும் வட்டமா நின்னாங்க. பெரியவர் ஒரு புது பைபிளை எடுத்தார். முதல் பக்கத்தில் ஒவ்வொருத்தரா கையெழுத்துப் போட்டாங்க. இது இந்த மாதிரி குழுக்கள் சிலவற்றில் வழக்கம். வேலை செஞ்ச எல்லாரும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரங்களுக்குக் கொடுப்பாங்க. பேனா என்கிட்ட வந்தது.

நான் பார்த்த அதே போட்டோ. இப்போ அதுக்குள்ளேயே நான் நிக்கிறேன்.

நான் கையெழுத்துப் போடலை. "மன்னிச்சுக்கோங்க, என் சாமி வேற"ன்னு சொல்லிப் பேனாவைக் கொடுத்துட்டேன். பெரியவர் தலையாட்டிட்டு அடுத்தவர்கிட்ட நீட்டினார். அவ்வளவுதான். கிளம்பும்போது பாட்டி என் கையைப் பிடிச்சு, "உன் பேர் இதுல இல்லையே மகனே"ன்னாங்க. காலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளோட பின்பக்கத்தைத் திருப்பி நீட்டினாங்க. அதில் தமிழில் என் பேரை எழுதிக் கொடுத்தேன். படிக்கத் தெரியாத அந்த எழுத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.

இப்போ என் கேள்விக்கு வர்றேன். அந்த பைபிளைக் கொடுத்தது சரியா, தப்பா?

தப்புன்னு சொல்றவங்க வாதத்தை லேசா எடுத்துக்காதீங்க. வீட்டை இழந்து நிக்கிறவங்களுக்கு 'வேண்டாம்'னு சொல்ற தெம்பு இருக்குமா? எட்டு மணி நேரம் உங்க வீட்டுச் சேத்தை வாரினவங்க ஒரு புத்தகத்தை நீட்டினா, எப்படி மறுப்பீங்க? யாரும் மிரட்டலை, உண்மைதான். ஆனா நன்றிக்கடனும் ஒரு பாரம்தானே? அந்த ஊரில் பாட்டி ஏற்கனவே சர்ச்சுக்குப் போறவங்க, அதனால அவங்களுக்கு அது சங்கடமா இல்லை. அந்த நாற்காலியில் எங்க அம்மா உட்கார்ந்திருந்தா? வாங்கி வச்சுக்குவாங்க. ராத்திரி பூஜை அறையில் நின்னு 'இதை என்ன பண்றது முருகா'ன்னு தவிப்பாங்க. அந்தத் தவிப்பும் உதவி கொடுத்த ஒரு பொருள்தான்.

இது நம்மளை மாதிரி வெளியாட்கள் மட்டும் எழுப்பற சந்தேகமும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 1994-ல் எழுதின நடத்தை விதியில், உதவியை ஒரு மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ வளர்க்கப் பயன்படுத்தக் கூடாதுன்னு இருக்கு. அமெரிக்காவில் பேரிடர் வேலை செய்யற சர்ச் அமைப்புகள் பலவும் சேர்ந்திருக்கிற தேசியக் கூட்டமைப்பும், அடிபட்டு நிக்கிறவங்களோட பலவீனத்தை மதத்துக்காகப் பயன்படுத்தக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டிருக்கு. அப்போ அவங்களுக்குள்ளேயும் இந்தக் கேள்வி இருக்குன்னுதானே அர்த்தம்?

எனக்கு ஒரு உரைகல் தோணுது. ஒருத்தர் தன் சாமியோட வந்தாரா, சாமி இல்லாம வந்தாராங்கிறது இல்லை கேள்வி. 'வேண்டாம்'னு சொன்னா அந்த வேலை நிக்குமா? அதான் கேள்வி. நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். என்னை யாரும் முகம் சுளிச்சுப் பார்க்கலை, அடுத்த வாரமும் கூப்பிட்டாங்க. பாட்டி அந்தப் புத்தகத்தை வேண்டாம்னு சொல்லியிருந்தாலும், பெயர்த்தெடுத்த சுவர் பெயர்த்தெடுத்ததுதான். எங்கே உதவிக்கு முன்னாடி நிபந்தனை வருதோ, எங்கே மறுத்தவன் வரிசையில் பின்னாடி போறானோ, அங்கே அது வலைதான். அதை யார் செஞ்சாலும், எந்த சாமி பேரில் செஞ்சாலும்.

இதோட நிறுத்தியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்கும். ஆனா அடுத்த கேள்வி என் பக்கமே திரும்பிடுச்சு. நான் என்ன செஞ்சேன்?

புயல் அடிச்ச மறுவாரம் நாங்களும், அதாவது இங்கே இருக்கிற தமிழ் நண்பர்களும், ஒரே நாளில் பணம் திரட்டித் தண்ணி பாட்டில், அரிசி எல்லாம் வேனில் ஏத்தி அனுப்பினோம். பெருமையாத்தான் இருந்தது. கூடவே பத்துப் பதினஞ்சு பை பழைய துணியும் அனுப்பினோம். அங்கே கிடங்கில் இருந்த அம்மா பொறுமையா சொன்னாங்க: "துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, பிரிச்சு வைக்க ஆள் இல்லை. கையுறை இருந்தா கொடுங்க." நம்ம வீட்டு அலமாரியைக் காலி பண்ணினதைத்தான் நாங்க தானம்னு நினைச்சிருக்கோம். மூணாவது வாரம் எங்க குரூப்ல புயல் பேச்சே இல்லை. தீபாவளி ஏற்பாடு ஓடிக்கிட்டிருந்தது.

பக்தி அவங்களுக்கு ஜாஸ்தி, நமக்குக் கம்மின்னு நான் சொல்ல வரலை. சாமியே இல்லைங்கிறவங்களும் அங்கே சேறு வாரினாங்க. ரோடு அடிச்சுட்டுப் போன இடங்களுக்குக் கோவேறு கழுதை மேல சாமான் ஏத்திக்கிட்டுப் போனவங்களும் இருந்தாங்க. வித்தியாசம் வேற இடத்தில் இருக்கு. தெற்கு பாப்டிஸ்ட் சர்ச்சுகளோட பேரிடர் வேலை 1967-ல் டெக்சாஸில் வந்த பியூலா புயலில் ஆரம்பிச்சது. இன்னைக்கு ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கிற நடமாடும் சமையலறை அவங்ககிட்ட இருக்கு. அவங்க சமைக்க, செஞ்சிலுவைச் சங்கம் வண்டியில் கொண்டுபோய்க் கொடுக்கும். மெனோனைட் பிரிவினர் 1950-லிருந்து இதைச் செய்யறாங்க. டிவி கேமரா எல்லாம் போன பிறகு வந்து, வருஷக்கணக்கில் தங்கி வீடு கட்டிக் கொடுக்கிறது அவங்க வழக்கம். புயல் வர்றதுக்கு முன்னாடியே பயிற்சி எடுத்து, யார் எந்த வாரம் போறதுன்னு பேர் எழுதி வச்சிருக்காங்க. நமக்கு மனசு இளகும்போது போறோம். அவங்க முறை வரும்போது போறாங்க. மனசு ஒரு வாரத்தில் காய்ஞ்சிடும். சேறு அப்படிக் காயாது.

நம்ம இடும்பன் கதையை நினைச்சுப் பாருங்க. காவடின்னு ஒண்ணு உலகத்துக்கு வந்ததே எப்படி? அகத்தியர் கேட்டுக்கிட்டார்னு சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைத் தோளில் தூக்கிக்கிட்டு வந்தான் இடும்பன். தனக்காக வேண்டிக்கிட்டுத் தூக்கினது இல்லை அது. இன்னொருத்தர் சொன்ன சுமை. அந்தச் சுமையோட வந்த வழியில்தான், பழனியில், அவனுக்கு முருகன் தரிசனம் கிடைச்சது. இன்னைக்கும் மலை ஏறும்போது பாதி வழியில் அவனைக் கும்பிட்டுட்டுத்தானே மேல போறோம்? நான் வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு எனக்காகக் காவடி எடுத்திருக்கேன். வேலை கிடைக்கணும், விசா கிடைக்கணும்னு. இன்னொருத்தர் சுமையை எடுத்ததே இல்லை.

2025 பிப்ரவரியில் மறுபடி ஸ்வானனோவா போனேன். இந்தத் தடவை நானே பேர் எழுதிக் கொடுத்துட்டு. அலபாமா பெரியவர் ஊருக்குப் போயிட்டார், வேற மாநிலத்திலிருந்து வேற ஆட்கள். இப்போ வேலை சுவரை உடைக்கிறது இல்லை, புதுப் பலகை அடிக்கிறது. என் பலகை கோணலாப் போச்சு, ஒரு பாட்டி பிடுங்கி மறுபடி அடிக்கக் கத்துக்கொடுத்தாங்க. அன்னைக்கும் விபூதியோடதான் இருந்தேன். அன்னைக்கும் பைபிள் வந்தது, அன்னைக்கும் கையெழுத்துப் போடலை. இனிமேலும் போட மாட்டேன். ஆனா போவேன்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜுக்கு நான் போட்ட கட்டைவிரலைத் தேடிப் பிடிச்சு எடுத்துட்டேன். எழுதினவரோட சண்டை போடலை. அவர் கேட்ட கேள்வியில் பாதி நியாயம் இருக்கு. மீதிப் பாதியைக் கேட்க, ஒரு நாள் சேத்துல நின்னுட்டு வரணும்.

தம்பி தங்கைகளே, உங்க ஊர்லயும் மழை வரும், வெள்ளம் வரும். அதுக்கு முன்னாடி ஒரு கைத்தொழில் கத்துக்கோங்க. டெட்டனஸ் ஊசி போட்டு வச்சுக்கோங்க. முதல் வாரம் எல்லாரும் போவாங்க. நீங்க மூணாவது மாசத்துக்குப் பேர் எழுதுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!