இரண்டு காயும் 350 ரூபாயும்

ஆனைமலை அடிவாரத்துத் தோப்புகளில் தென்னையின் நிழலில் வளர்கிறது கோகோ. காய் கிளை நுனியில் தொங்காது. பலாவைப் போல அடிமரத்தை ஒட்டியே காய்க்கும். பழுத்து மஞ்சளான காயைக் கட்டையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடும். உள்ளே வெள்ளைச் சதை போர்த்திய முப்பது, நாற்பது கொட்டைகள் அடுக்கியிருக்கும். ஒன்றை வாயில் போட்டுச் சப்பினால் சீத்தாப்பழத்தில் எலுமிச்சை பிழிந்தாற்போல ஒரு ருசி. கொட்டையையே கடித்தால் ஊதா நிறம், நாக்கை இழுத்துப் பிடிக்கும் கசப்பும் துவர்ப்பும். சாக்லேட்டின் வாசனை அதில் துளிகூட இல்லை.

அந்தக் கொட்டைதான் கோவையிலோ சென்னையிலோ ஒரு கடையின் குளிர் அலமாரியில் 60 கிராம் சாக்லேட் பாராக, 350 ரூபாய் விலைச்சீட்டோடு இருக்கிறது. தெருமுனைப் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்கும் சாக்லேட் கிடைக்கிறது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அலமாரி முன் நிற்கும் தகப்பனுக்கு எழும் கேள்வி நியாயமானது. இதில் அப்படி என்ன இருக்கிறது?

கணக்குப் போட்டே பார்க்கலாம். 70 சதவீத கோகோ உள்ள 60 கிராம் பாரில் கோகோவின் பங்கு 42 கிராம். வறுக்கும்போதும் தோல் நீக்கும்போதும் எடை குறையும் என்பதால், அதற்குச் சுமார் 55 கிராம் காய்ந்த கொட்டை வேண்டும். உலர்ந்த கொட்டை ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். ஆக, ஒரு பாருக்கு இரண்டு காய் போதும். கிலோ 250 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு காய்க்கும் சேர்த்து 14 ரூபாய்க்கு மேல் வராது. 2024 ஏப்ரலில் தென்னிந்தியாவில் கிலோ 1,000 ரூபாயைத் தொட்டதே, அந்த உச்ச விலையில் வாங்கியிருந்தாலும் 55 ரூபாய்தான். மீதி எங்கே போகிறது என்பதைப் பொறுத்தே அந்த விலை தகுமா, தகாதா என்று சொல்ல முடியும்.

ஒரு பகுதி காலத்துக்குப் போகிறது. பறித்த கொட்டைகளைச் சதையோடு மரப்பெட்டியில் கொட்டி, வாழை இலையாலோ சாக்காலோ மூடிப் புளிக்க வைக்கிறார்கள். இரண்டாம் நாளே பெட்டி சுடத் தொடங்கும். உள்வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். பக்கத்தில் போனால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். நாள் விட்டு நாள் கிளறிவிட வேண்டும். ஐந்து முதல் ஏழு நாள்வரை நடக்கும் இந்த வேலையில்தான் கசப்பு அடங்கி, பின்னால் சாக்லேட் வாசனையாக மாறப்போகிற கூறுகள் கொட்டைக்குள் உருவாகின்றன. ஒரு நாள் குறைந்தால் துவர்ப்பு நிற்கும். மிஞ்சினால் அழுகல் வாடை ஏறும். அதன்பிறகு ஒரு வாரம் வெயிலில் காய வேண்டும். இடையில் மழை வந்தால் பூஞ்சை. இங்கே கெட்டதை அப்புறம் எந்த இயந்திரமும் சரிசெய்யாது.

அடுத்தது அரைப்பு. இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் கருங்கல் அரைவை இயந்திரங்களில் பல, இட்லி மாவு அரைக்கும் வெட் கிரைண்டரின் வழிவந்தவை. உளுந்துக்கு அரை மணி நேரம் சுற்றும் கல், கோகோவுக்கு இரண்டு, மூன்று நாள் இடைவிடாமல் சுற்றும். துகள் 20 மைக்ரான் அளவுக்கு நுணுகினால்தான் நாக்கு அதை மாவாக உணராது, வெண்ணெயாக உணரும். 1879இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரோடால்ஃப் லிண்ட் கண்டுபிடித்த முறையும் இதுதான்: மணிக்கணக்கில் உருட்டி, புளிப்பு வாடையைப் போக்கி, மிருதுவாக்குவது. கடைசியில் சூட்டை ஏற்றி இறக்கிப் பதம் பார்க்கிறார்கள். பதம் கைகூடினால் பார் பளபளக்கும், உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் வரும், 34 டிகிரியில், அதாவது நாக்கில் வைத்ததும், உருகும். மே மாதத்து வெயிலில் கடைக்குப் போகும் வழியிலும் அது உருகும் என்பதால் குளிர்பதன வண்டிச் செலவும் விலையில் ஏறிக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் கொடுக்கும் காசு வீணில்லை.

ஆனால் விலையில் இன்னொரு பகுதி இருக்கிறது. கலிபோர்னியாவில் நடந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்று கேட்டுவிட்டுக் குடித்தவர்கள் அதிக ருசி என்றார்கள். மூளைப் படத்திலும் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாக இயங்கியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையையும் சேர்த்தே ருசித்தார்கள். சாக்லேட் விற்பவர்களுக்கும் இந்த உண்மை தெரியும். தடித்த காகிதம், பொன்னிற எழுத்து, காந்த மூடி போட்ட பெட்டி எல்லாம் இதற்காகத்தான்.

நியூயார்க்கின் புரூக்ளினில் மாஸ்ட் சகோதரர்கள் கொட்டையிலிருந்து பார்வரை தாங்களே செய்வதாகச் சொல்லி, அழகிய காகிதம் சுற்றி, ஒரு பாரைச் சுமார் 10 டாலருக்கு விற்றார்கள். தொடக்க காலத்தில் வேறு நிறுவனத்தின் ஆயத்தச் சாக்லேட்டையும் உருக்கிப் பயன்படுத்தியதை 2015இல் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் நாக்கால் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்? காகிதத்துக்குக் கொடுத்த காசு காகிதத்தோடு போயிற்று.

எக்வடாரின் டோஆக் நிறுவனத்தின் கதையை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2014இல் அது 50 கிராம் பாரை 260 டாலருக்கு விற்றது. மொத்தமே 574 பார்கள். எண் பொறித்த மரப்பெட்டி, விரல் படாமல் எடுத்துத் தின்ன மரச் சாமணம். கேட்டாலே திகைப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் நாசியோனால் என்ற பழைய கோகோ இனம் இருந்தது. நூறாண்டுக்கு முன் நோய் தாக்கி அழிந்துபோனதாக நம்பப்பட்ட இனம் அது. எஞ்சியிருந்த கிழமரங்களை மரபணுச் சோதனையில் உறுதிசெய்து காப்பாற்றும் முயற்சிக்கும் அந்தப் பணத்தில் ஒரு பங்கு போனது. மரப்பெட்டியும் மரச் சாமணமும் இல்லாமலே அந்த மரங்களைக் காப்பாற்றியிருக்கலாம். மரங்கள் இல்லாமல் அந்தப் பெட்டிக்கு அர்த்தமில்லை.

மலிவான சாக்லேட்டின் கணக்கையும் பார்க்காமல் விட்டால் நியாயமாகாது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி, அங்கே கோகோ வேலையில் குழந்தைத் தொழிலாளர் 15.6 லட்சம் பேர். ஒரு பாரின் விலையில் விவசாயி கைக்குச் சேர்வது 6.6 சதவீதம் என்று 2015இல் ஒரு கணக்கு சொன்னது. மலிவுக்கான விலையை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. விலை கூடிவிட்டால் இந்த அநியாயம் தானாகத் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. எங்கே விளைந்தது என்று சொல்லாத பெல்ஜியப் பெட்டிக்குள்ளும் அதே கொட்டை இருக்கலாம்.

அதனால் விலைச்சீட்டைவிட உறையின் பின்பக்கத்தைப் படிப்பது பயன் தரும். கோகோ, சர்க்கரை, கோகோ வெண்ணெய் என்று இரண்டு, மூன்று பொருள்களோடு பட்டியல் முடிந்தால் அது ஒரு நல்ல அறிகுறி. கோகோ வெண்ணெயின் இடத்தில் வனஸ்பதி வகைக் கொழுப்பு இருந்தால் அது ‘காம்பவுண்ட்’. எவ்வளவு அழகான பெட்டியில் வந்தாலும் அதற்கு உயர்ந்த விலை தகாது. தோட்டத்தின் பெயரோ வட்டாரத்தின் பெயரோ இருந்தால், கேள்வி கேட்க ஓர் இடமாவது கிடைக்கிறது. ஆனைமலைத் தோட்டத்திலேயே விளைவித்துச் செய்யும் சோக்லெட், தென்னிந்தியக் கொட்டைகளை ஆரோவில்லில் சாக்லேட்டாக்கும் மேசன் அண்ட் கோ போன்றவர்கள் அந்த இடத்தை மறைக்காமல் சொல்கிறார்கள்.

வாங்கிய பிறகு தின்னும் விதமும் உண்டு. பத்து ரூபாய்ச் சாக்லேட்டை நான்கு பிள்ளைகள் பங்குபோட்டு, விரலில் ஒட்டியதை நக்கித் தின்பது ஒரு சந்தோஷம். அதற்கு எந்த விலை உயர்ந்த பாரும் ஈடாகாது; ஈடாக வேண்டியதும் இல்லை. 70 சதவீத பாரை அதே வேகத்தில் மென்று விழுங்கினால் கசப்பு மட்டுமே மிஞ்சும், ஏமாந்த உணர்வும் கூடவே வரும். ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்து, கடிக்காமல் ஒரு நிமிடம் பொறுத்தால் முதலில் கசப்பு வரும், பிறகு பழப் புளிப்பு, கடைசியில் வறுத்த வாசனை தொண்டைவரை இறங்கும். மரத்தடியில் சப்பிய அந்த வெள்ளைச் சதையின் சாயல்கூட நல்ல பாரில் எங்கோ தட்டுப்படும். அப்படித் தின்றால் நான்கு பேருள்ள வீட்டில் 60 கிராம் ஒரு வாரம் வரும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12, 13 ரூபாய்தான் ஆகிறது. டீக்கடையில் ஒரு டீக்குக் கொடுக்கிற காசு.

ஆனைமலைத் தோப்பில் சாயங்காலம் ஆகிவிட்டது. உடைத்த காய்களின் ஓடு ஒரு பக்கம் குவிந்து கிடக்கிறது. கொட்டைகள் ஈரத்தோடு கூடையில் இருக்கின்றன. ஈரமாகவே எடைபோட்டு விற்றால் கையில் உடனே காசு. மரப்பெட்டியில் கொட்டினால் ஆறு நாள் கிளற வேண்டும், ஏழு நாள் காயவைக்க வேண்டும், நடுவில் மழை வராமல் இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கிலோவுக்கு எவ்வளவு தருவார்கள் என்று விவசாயி போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மரப்பெட்டி திறந்திருக்கிறது.