திஹாருக்கு யார் போவது?

கேமரன் மலையில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் நேபாளிகளும் வங்காளதேசிகளும் நிறைய. தீபாவளிக்கு ஊர் திரும்பும் நாங்கள் அவர்களையும் கூப்பிட்டு முறுக்கு, ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொடுக்கிறோம். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் நேபாளிகளின் திஹாரும் அதே வாரம்தான். அதன் கடைசி நாளில் சகோதரிகள் சகோதரர்களுக்குத் திலகமிடுவார்கள்.

போ தோட்டம் தொடங்கிய 1929 வாக்கில் கங்காணிகள் நம்மவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்தார்கள். கோயிலும் திருவிழாவும் அதனால்தான் நிலைத்தன. இவர்களின் வேலை அனுமதியில் குடும்பத்துக்கு இடமில்லை. வெளிநாட்டு மாணவர்கள் பண்டிகை கொண்டாடினால் பல்கலைக்கழகம் மண்டபம் தரும், போட்டோவும் எடுக்கும். தொழிலாளிகள் லயத்தில் பாட்டுப் போட்டால் சத்தம் என்கிறோம்.

விருந்து கொடுப்பது சுலபம், வீட்டுக்காரராகவே இருந்துவிடலாம். இந்த வருஷம் நாம் விருந்தாளியாகப் போகலாமே என்றேன்.

"அவங்க கூப்பிடாம எப்படிப் போறது?" என்கிறாள் தங்கை.

நியாயம்தான். பலரோடு ஒரே அறையில் இருப்பவர் யாரை, எங்கே கூப்பிடுவார்?