ஆராயாமல் அளிக்கும் தரம்

2024 ஜூலையில், ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியல் தமிழ்நாட்டுப் பெற்றோரைத் திடுக்கிட வைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கும் 224 பொறியியல் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் பேராசிரியர். சர்தார் பட்டேல் சாலையிலிருக்கும் பல்கலைக்கழகம் தானே விசாரித்தபோது, 189 பேரைக் கொண்டு ஏறத்தாழ 2000 பணியிடங்கள் நிரப்பப்பட்டிருந்ததாக அன்றைய துணைவேந்தரே சொல்ல நேர்ந்தது.

அந்த மோசடி இணைப்பு அங்கீகாரம் தொடர்பானது. ஆனால் அது எழுப்பும் கேள்வி அங்கீகாரத்தோடு நிற்பதில்லை. ஆண்டுதோறும் வெளியாகும் கல்லூரித் தரவரிசைகளும் இதே போன்ற ஆசிரியர் பட்டியல்களின் மேல்தான் நிற்கின்றன. கல்லூரி தன்னைப் பற்றித் தானே சொன்னதை நேரில் சரிபார்க்காமல் தரம் என்று ஊருக்கு அறிவிப்பது அறமாகுமா? ஆகாது. சொன்னவர் பொய்யராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆராயாமல் அறிவித்தவர் பிழை செய்தவரே.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளிவருகிறது. பொறியியல் பிரிவில் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆய்வுக்கு 30, தேர்ச்சிக்கும் வேலைவாய்ப்புக்கும் 20, அனைவரையும் அரவணைப்பதற்கு 10, வெளியார் மதிப்பீட்டுக்கு 10. ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கு வெளித் தரவுத்தளங்களிலிருந்து வருகிறது. ஆசிரியர் எத்தனை பேர், அவர்களில் முனைவர் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலை கிடைத்த மாணவர்களின் சம்பளம் என்ன என்பவை கல்லூரியே பதிவேற்றும் விவரங்கள். தாளில் மட்டும் இருக்கும் ஒரு பேராசிரியர் இங்கே மதிப்பெண்ணாக மாறுகிறார். மதிப்பெண் விளம்பரமாகிறது. விளம்பரத்தை நம்பி ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது.

நம் முன்னோர் இதை எப்போதோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆராயாமல் ஒருவரை நம்பினால் அந்தத் துன்பம் தலைமுறைக்கும் தொடரும் என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். நடுவுநிலைமையைச் சொல்லும்போது அவர் துலாக்கோலை முன்வைக்கிறார். நன்னூல் தந்த பவணந்தியாரும் நல்லாசிரியரை நிலத்தோடும் மலையோடும் மலரோடும் மட்டும் ஒப்பிடவில்லை, நிறைகோலோடும் ஒப்பிட்டார். மிகுதியாக வாங்காமலும் குறைவாகக் கொடாமலும் வாழ்ந்த புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. சரக்கு விற்றவருக்கே அந்த நேர்மை வேண்டுமென்றால், கல்வி தருவோருக்கு எத்தனை மடங்கு வேண்டும்!

இவற்றினும் கடுமையான பாடம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே வந்து சொன்ன சொல்லை, விசாரிக்காமல் ஏற்றான் பாண்டியன். அவன் பொய் சொல்லவில்லை. ஆராயாமல் நம்பினான், அவ்வளவுதான். அதற்கே ஓர் உயிர் போயிற்று, ஒரு நகரம் எரிந்தது. அதே மதுரையில், 2025 மார்ச்சில் உயர் நீதிமன்றக் கிளை என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. கல்லூரிகள் தரும் விவரங்கள் சரிபார்க்கப்படுவதில்லை என்பதே வழக்கின் சாரம். பிறகு தடை விலகியது. செப்டம்பர் 4 அன்று பட்டியலும் வந்துவிட்டது. தடை விலகியதால் கேள்வி விலகிவிடவில்லை.

நேரில் போய்ப் பார்த்தால் மட்டும் போதுமா என்றால், போகிறவரும் நேர்மையாளராக இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் ஆந்திரக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு உயர் தரச்சான்று வழங்க லஞ்சம் வாங்கியதாக, கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுத் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. அமெரிக்காவிலும் இந்த நோய் உண்டு. அந்நாட்டுத் தரவரிசை ஒன்றுக்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் தந்த எண்கள் பிழையானவை என்று 2022இல் எடுத்துக்காட்டியவர் அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ். இரண்டாம் இடத்திலிருந்த பல்கலைக்கழகம் பதினெட்டாம் இடத்துக்கு இறங்கியது. தன் நிறுவனத்தின் புகழைவிட உண்மையைப் பெரிதாக நினைத்த அந்த ஆசிரியரே நிறைகோல். நம் அடையாறுக்கு அருகிலிருக்கும் சென்னை ஐ.ஐ.டி. உட்பட ஏழு ஐ.ஐ.டி.கள், வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று 2020இல் டைம்ஸ் உலகத் தரவரிசையில் பங்கேற்க மறுத்ததும் நினைவில் கொள்ளத்தக்கது.

தரவரிசையால் பயனே இல்லை என்று சொல்வதற்கில்லை. வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு வழிகாட்ட வேறு யாருமில்லாதபோது ஏதோ ஒரு பட்டியல் உதவத்தான் செய்கிறது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்கு நிகர் என்று வள்ளுவரே சொன்னாரே என்று வாதாடுவோரும் உண்டு. நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதல்லவா அவர் விதித்த நிபந்தனை! போலிக் கணக்கால் ஒரு கல்லூரி மேலே ஏறும்போது, உண்மையைச் சொன்ன இன்னொரு கல்லூரி கீழே இறங்குகிறது. ஒருவரைத் தள்ளிவிட்டு வரும் நன்மையில் குற்றம் ஒட்டியே இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வோர் ஆசிரியரின் பெயரும் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டில் ஒரு முறை மட்டுமே இடம்பெற வேண்டும். பட்டியலில் வரும் கல்லூரிகளுள் சிலவற்றையாவது முன்னறிவிப்பின்றிச் சோதிக்க வேண்டும். பொய் சொன்ன கல்லூரியின் பெயரைத் தரவரிசையிலிருந்து நீக்கி, நீக்கிய காரணத்தையும் அறிவிக்க வேண்டும். கல்லூரித் தலைவர்கள் தம் நெஞ்சறிந்த பொய்யில் கையெழுத்திட மறுக்க வேண்டும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் விண்ணப்பத்தோடு அலையும் பெற்றோரும், வரிசை எண்ணைக் கேட்பதற்கு முன் வகுப்பில் பாடம் நடத்துகிறவர் யார் என்று கேட்கப் பழக வேண்டும். வாய்மையைக் கற்பிக்க வேண்டிய இடமே பொய்க் கணக்கால் உயர்ந்தால், அங்கே படித்து வெளிவரும் பிள்ளைகளிடம் நேர்மையை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.