யாருடைய தாகம்?

பாய்மரப் படகில் தீவு தீவாகச் சுற்றுபவர்களைப் பார்த்தால் ‘என்ன ஒரு சுதந்திரம்!’ என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவிவிட்டு, கடைசியில்தான் கொஞ்சம் நல்ல தண்ணீர். 2024 அக்டோபரில் 56 அடி ‘தாரிணி’யில் உலகைச் சுற்றக் கிளம்பிய நம் கடற்படையின் தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 2025 மேயில்தான் கோவா திரும்பினார்கள். இரண்டே பேர். ஒருவர் வீணாக்கினால் யாருக்குத் தாகம் என்பதில் சந்தேகமே இல்லை.

தென்சென்னைக்கும் நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீர்தான் வருகிறது. ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது, காசுள்ள அபார்ட்மென்ட்டுக்கு லாரி வந்தது. மற்றவர்கள் தெருவில் குடத்தோடு நின்றார்கள். மாடியில் ஷவரைத் திறந்தவருக்கு அந்த வரிசை தெரியாது.

சிக்கனம் நற்குணமா, நிர்ப்பந்தமா? படகில் நிர்ப்பந்தம், பெருமைப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது மாடியில், லாரிக்குக் காசு கொடுத்த பிறகும் குழாயை மூடுகிறோமே, அப்போதுதான் அது அறம். ஏனென்றால் அங்கே தாகம் இன்னொருவருடையது.