சுவையறிவு யாருடையது?

சுருட்டைச் சுவைத்து மதிப்பெண் இடுவதையும் ஒரு கலையாகக் கொள்வார் உளர். கியூபாவின் உயர்ரகச் சுருட்டொன்றை, அதிலும் புகை கனத்து வாயை நிறைக்கும் இயல்புடையதை, எடுத்துக்கொள்வோம். சுவைஞர் முதலில் மேற்சுற்று இலையின் நிறத்தையும் எண்ணெய்ப் பசையையும் நோக்குவார். விரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். பின்பு புகையை நெஞ்சுக்குள் இழுக்காது வாயில் நிறுத்தி, மண், தோல், கொக்கோ, மிளகு என்று தாம் கண்ட சுவைகளுக்குப் பெயரிடுவார். சாம்பல் உதிராது நிற்கின்றதா, தீ ஒருபுறம் சாயாது எரிகின்றதா என்பனவும் கணக்கிற் சேரும்.

இதனைப் பொழுது போகாதார் வேலையென எள்ளிவிடுதல் எளிது. நாம் அதற்கு உடன்படோம். நுண்ணிய சுவையறிவு மெய்யான அறிவே. சுவையின் அளவுகோல் பற்றி 1757இல் எழுதிய டேவிட் ஹியூம், செர்வாந்தேசின் நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கின்றார். ஒரு மிடா மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் சிறிது தோல் வாடை உண்டென்றார். மற்றவர் இரும்பு வாடை என்றார். கேட்டவர் நகைத்தனர். மிடா வெறுமையானபோது, தோல்வார் கட்டிய பழைய திறவுகோலொன்று அடியிற் கிடந்தது.

நமது ஐயம் இங்கேதான் எழுகின்றது. மிடாவின் அடியிற் கிடந்த திறவுகோலை அறியவல்ல நா, சுருட்டினுள் இருக்கும் மனிதனை ஏன் அறிவதில்லை?

சுவைஞர் பாராட்டும் கனம் பெரும்பாலும் செடியின் உச்சியில் வெயிலை நிறைய உண்டு தடித்த இலையிலிருந்து வருவது. அதன் பெயர் லிகெரோ. ஸ்பானிய மொழியில் 'இலேசானது' என்று பொருள்! காரம் மிக்க இலைக்கு இப்பெயர் வாய்த்தது வேடிக்கைதான். அது மெதுவாக எரிவதால், சுற்றுபவர் அதனை நடுவில் வைத்து, மணம் தரும் இடையிலைகளையும் எரிவுக்கு உதவும் அடியிலைகளையும் அதனைச் சுற்றி மடித்து அடுக்குகின்றார். அடுக்கு இறுகினால் புகை வராது. தளர்ந்தால் சூடேறிச் சுவை கெடும். ஆகவே 'சீரான எரிவு' என்று சுவைஞர் எழுதுவது ஒரு தொழிலாளியின் விரல்களைப் பற்றிய செய்தியே. புகையிலை வயலில் ஈர இலையைப் பறிப்பவருக்கோ தோல் வழியே நிக்கொட்டின் ஊறித் தலைசுற்றலும் வாந்தியும் வருவதுண்டு. (சுவைஞரின் வாயையும் புற்றுநோய் விட்டுவைப்பதில்லை, ஆனால் அவர் விரும்பி ஏற்றுக்கொண்டவர்.) பாராட்டு மட்டும் வணிகப் பெயருக்குப் போய்ச் சேர்கின்றது.

கூலி குறைந்ததால் சுருட்டுக் கசந்துவிடுமா என்று கேட்பார்க்கு, கசக்காது என்பதே நமது விடை. கூலியை நாவால் அறியும்படி நாம் எவரையும் கேட்கவில்லை. கைத்திறனுக்கு வழங்கும் தீர்ப்பை இலையின் இயல்பென்றும் தம் நாவின் மேன்மையென்றும் எழுதுவதையே பிழை என்கிறோம்.

அந்தக் கைகளுக்குரியோரும் சுவையறியாதவர் அல்லர். ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் 1865இல், சுருட்டுச் சுற்றுவோர்க்கு ஒருவர் உரத்து வாசிக்கும் வழக்கம் தொடங்கிற்று. வாசிப்பவருக்குத் தொழிலாளர் தம் கூலியிலிருந்தே பணம் கொடுத்தனர். அடுத்த ஆண்டே ஆட்சியாளர் அதனைத் தடைசெய்தனர். பின்னர் அது மீண்டும் தழைத்தது. நம் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசிக்கக் கேட்டுக்கொண்டே சுற்றிய தலைமுறையொன்று இருந்தது. ஹவானாவில் வாசிப்பு மனத்துக்குப் பிடித்தால், இலை வெட்டும் கத்தியால் மேசைப் பலகையைத் தட்டி ஒலியெழுப்புவர். பிடிக்காவிடின் கத்தியைத் தரையிலே போட்டுவிடுவர்.